ஒற்றைப்படை மதகு

முதல்நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனேன்.
பதினேழாம் படுக்கை, சென்னியப்பன், ஐம்பத்தாறு,
கீழ்பவானி வாய்க்காலில் லஸ்கர்.
"பை வெக்காம முடியுங்களா?" என்றார்.
"குனிஞ்சு மதகு திருகற பொழப்புங்க."

ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் வரைந்தேன்.
இது மலக்குடல்.
மேலிருந்து ஒரு தமனி இறங்கி இரண்டாகப் பிரிகிறது.
ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறியவை ஏறி வருகின்றன.
நடுவில், இடுப்புச் சுவரிலிருந்து ஒன்று:
சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை,
ஒரு பக்கம் மட்டும் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.
"எங்க ஒத்தப்படை மதகாட்ட இருக்குதுங்க.
முறை வந்தா நெல்லு. இல்லீன்னா எள்ளு."

கட்டி மேல்பாகத்தில்.
மேல்தமனியை வேரிலேயே கட்டவேண்டும்,
அதன் கரையோரமாகத்தான் நோய் நடந்து போகும்.
"தலைமதகையே மூடிப்போட்டா
கடமடைக்கு யாருங்க தண்ணி உடறது?"

அந்தக் கேள்விதான்.
அதற்குத்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

பெருங்குடல் நெடுக ஓரமாய் ஒரு சிறுவாய்க்கால் ஓடும்,
நடுவயிற்று ரத்தம் அதில் சுற்றி வரவேண்டும் என்றேன்.
"வருமுங்களா?"
"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."
பேனாவை வாங்கிக்கொண்டு
வெகுநேரம் படத்தைப் பார்த்திருந்தார்.

பெருந்துறை. காலை எட்டே கால்.
கட்டுவதற்கு முன் கிடுக்கி மட்டும் போட்டுக் காத்திருந்தேன்.
குடல் நிறம் மாறவில்லை.
நிறத்தை நம்பக்கூடாது.
நீலம் பாரிக்க நேரம் பிடிக்கும்,
அதற்குள் நாம் தைத்து முடித்துக் கைகழுவியிருப்போம்.
போன ஆடியில் காங்கேயத்து நல்லம்மாளுக்கு
நிறத்தை நம்பினேன்.
ஏழாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது.

தமனியைக் கட்டினேன்.
குடலை வெட்டும் இடத்தில் ஓரத்தமனியை அறுத்தேன்.
கருப்பாய், சோம்பலாய்க் கசிந்தது.
தேங்கிய ரத்தம். வருகிற ரத்தம் இல்லை.

நான்கு விரல் மேலே போகவேண்டும்.
போனால் நீளம் போதாது.
மண்ணீரலுக்கு அடியில் கொக்கி போட்டுத் தொங்கும் வளைவை
இறக்கவேண்டும், முக்கால் மணி நேரம் கூடும்,
மண்ணீரல் கிழிந்தால் அது வேறு கதை.
இறக்கினேன்.

"பிரஷர்?"
"தொண்ணூறு," என்றாள் சுல்தானா, மயக்கமருந்து.
"ஏத்துங்க. நூத்திப்பத்து வந்ததும் அறுக்கறேன்."

பீச்சியடித்தது.
என் கண்ணாடியில் மூன்று பொட்டு.
நாளெல்லாம் ரத்தத்தை நில் நில் என்று அதட்டுகிற கை,
இந்த ஓரிடத்தில் மட்டும்
வா சாமி என்று ஏந்தி நிற்கிறது.
சிஸ்டர் ஜெசிந்தா துணியோடு குனிந்தாள்.
"இருங்க, இன்னும் ரெண்டு துடிப்பு பாத்துக்கறேன்."

கீழ்விளிம்பும் சிவந்து ஈரமானது.
இணைத்தோம். இடுப்பில் நீர் நிரப்பி
பஞ்சர் கடைக்காரர் மாதிரி காற்றடித்துப் பார்த்தோம்.
குமிழி இல்லை.
பை வைக்கவில்லை.

ஆனால் தையல் பிடித்ததா என்று
அன்றைக்கு யாருக்கும் தெரியாது.
ஐந்து நாள் அவருடைய ஜுரமும் நாடியும்
என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தன.

ஆறாம் நாள் ரவுண்ட்ஸில் குரலைத் தாழ்த்தி,
"காத்துப் பிரிஞ்சுதுங்க" என்றார்.
அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
"எத்தனை மணிக்கு?"
"நாலே முக்காலுங்க."
எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கோப்பை மூடப்போனபோது
படிவத்தின் பின்பக்கம் பார்த்தேன்.
என் தமனிகளுக்கெல்லாம் எண் போட்டிருந்தார்,
ஒன்று, மூன்று, ஐந்து.
நடுவில் இருந்ததற்குக் கேள்விக்குறி.
அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
இருக்கிறது. இடப்பக்கம் மட்டும்.